பெரிய முள்

பூண்டு மண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு மேடம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். வடுகபட்டியிலேயே பிறந்து வளர்ந்ததால் எனக்கு அந்த வாசம் தெரிவதில்லை. உங்கள் ஏட்டு ராக்கையா என்னை அழைத்துவரும்போது ஜீப்பின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டீயும் நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன், நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள். யாராவது குறுக்கே பேசினால் எனக்கு விட்ட இடம் மறந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எங்கள் சங்கத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. தேனி, பெரியகுளம், கம்பம் வட்டாரத்தில் பழைய கடிகாரம் சேர்க்கிற பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பைத்தியம் என்பது என் மனைவி முனீஸ்வரி வைத்த பெயர். பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடுவோம். மேசையில் புது வேட்டியை விரிப்போம். அவரவரிடம் இருப்பதிலேயே வயதான கடிகாரத்தை அதன் மேல் வைத்து, அது யார் கையில் இருந்தது, எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று சொல்வோம். பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணை வைத்து வருடத்தைக் கண்டுபிடிப்போம். விதி இரண்டுதான். ஓடாத கடிகாரம் மேசையில் ஏறக் கூடாது. மேசையில் இருப்பதிலேயே வயதானது எதுவோ, அதன் சொந்தக்காரர்தான் அந்த வருடம் முழுக்கப் ‘பெரிய முள்’. அவர் எழுந்து மணி சொல்வார். மற்ற எல்லாரும் அதன்படி தங்கள் முள்ளைத் திருப்பி வைப்பார்கள். செல்போன்களைக் கீழே கல்லாவிலேயே கொடுத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும்.

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பெரிய முள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளது அதுதான். என் தாத்தாவின் அப்பா முதல் உலகப் போருக்கு மெசபடோமியா வரை போய்விட்டு, இடது காலில் ஒரு குண்டோடும் இடது கையில் ஒரு கடிகாரத்தோடும் திரும்பி வந்தவர். குண்டை மதுரையில் எடுத்தார்கள். கடிகாரம் என்னிடம் இருக்கிறது, அதாவது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

முதல் கூட்டத்தன்று அது கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது. எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எல்லாரும் என்னைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். போன் போட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பெரிய முள்ளே தப்பு என்றால் அப்புறம் சங்கம் எதற்கு? அதனால் அன்று முதல் தினமும் காலையில் மண்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அதில் கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் என்னுடையதை வைப்பேன். அதற்குச் சங்க நேரம் என்று பெயரே வந்துவிட்டது. கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளிராஜன் சங்க நேரப்படி கிளம்பித் தன் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. கூடலூர் ஜாய்ஸ் டீச்சர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொள்வார், இடது கையில் பள்ளிக்கூடத்துக்கு, வலது கையில் சங்கத்துக்கு. ஒருவரும் முணுமுணுத்ததில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

போன தை மாதக் கூட்டத்துக்குச் சுருளிராஜன் புதிதாக ஒருவரைக் கூட்டிவந்தார். கெங்குவார்பட்டிக்காரர், வாழைத் தோட்டம், கோட்டைச்சாமி என்று பெயர். அவர் முறை வந்தபோது மனிதர் பையைத் திறக்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. சட்டையைத் தூக்கி, வேட்டி மடிப்பைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த ஒரு பாக்கெட் வாட்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஜாய்ஸ் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்க பாட்டனுக்கு அப்பா பெரியாத்து அணைக்கு மாட்டு வண்டியில சுண்ணாம்பு அடிச்சாக,” என்றார் கோட்டைச்சாமி. “வேல முடிஞ்சு சீமைக்குப் போறப்ப ஒரு தொர குடுத்துட்டுப் போனாகளாம். அதுல இருந்து எங்க வீட்டு இடுப்புலதேன் கெடக்கு. ஒரு நா நின்னதில்ல.”

பின்மூடியைத் திறந்து பார்த்தோம். என் கடிகாரம் பிறந்தபோது அது இளந்தாரியாக இருந்திருக்கிறது. மனது கஷ்டமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. முதலில் கை தட்டியதே நான்தான். என் கடிகாரத்தை வேட்டியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு தட்டினேன்.

புதுப் பெரிய முள் எழுந்து மணி சொல்ல வேண்டும் அல்லவா. எல்லாரும் முள்ளைத் திருப்பத் தயாராகத் திருகைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் தலையைச் சொறிந்தார்.

“மணி என்னத்தப்பா நான் சொல்றது? அங்கன கீழ போயி போன்ல பாத்துட்டு வாங்க.”

சப்ளையர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மேசையைச் சுற்றி ஒரு நிமிடம் திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் சிரிப்பு. சுருளிராஜன் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். ஜாய்ஸ் டீச்சர் வலது கைக் கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “இனி ஒண்ணு போதும்,” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி தேவையில்லை என்று எனக்குப் பட்டது. நான் மட்டும் என்னுடையதைத் திருப்பவில்லை. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். வயதான கடிகாரம், பழகிவிட்டது, அதைப் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

சாப்பாட்டின்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். தோட்டத்தைப் பற்றிப் பேசினார், கிணற்றைப் பற்றிப் பேசினார். “நாலு தலமொறையா கெணத்துத் தண்ணிதேன். நமக்கு நீச்சல்தேன் வரல தம்பி. தண்ணிக்குள்ள என்னைய விட்டா அம்மிக்கல்லுதேன்,” என்று அவரே சொல்லிச் சிரித்தார். நான் அதைக் குறித்தெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது கெங்குவார்பட்டிக்குப் போய்வருவேன். அவரைப் பார்க்க அல்ல, கடிகாரத்தைப் பார்க்க. போய்ப் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் அதன் வெள்ளிக் கூட்டில் வாழைக் கறை. இன்னொரு நாள் மோட்டார் ரூம் ஆணியில், பூச்சிமருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வைகாசியில் ஒரு மத்தியானம் என் கண் முன்னால், மேடம், என் கண் முன்னால், அந்தக் கடிகாரத்தின் முதுகால் தட்டி நிலக்கடலை உடைத்தார். உடைத்து எனக்கும் கொடுத்தார். வாங்கித் தின்றேன். என்ன செய்வது, விருந்தாளி அல்லவா. இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. தூங்கப் போனால் டொக் டொக் என்று அந்தச் சத்தம்.

மதுரைக்குப் போய் நீல வெல்வெட் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே வைத்தால் தூசி படாது, வேர்வை படாது என்று எடுத்துச் சொன்னேன். திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “பெட்டிக்குள்ள வச்சு மூட அது என்ன பொணமா தம்பி?” என்றார். அடுத்த முறை போனபோது அவர் மனைவி சந்தனம்மாள் அந்தப் பெட்டியிலிருந்து கடுகு எடுத்துத் தாளித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒரு குழந்தையை இப்படி வைத்திருந்தால் நீங்கள் நேரில் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. கடிகாரத்துக்குத்தான் கேட்க ஆளில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் கையில் ஒரு பை மலைப்பூண்டோடு போனேன். மனதில் எதுவும் இல்லாமல்தான் போனேன். பூண்டு நல்ல பூண்டு, கொடைக்கானல் சரக்கு. கூட்டம் நெருங்குகிறதே, கடிகாரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். பெரிய முள்ளின் கடிகாரம் கடலைத் தோலோடு மேசைக்கு வந்தால் சங்கத்துக்குத்தானே அவமானம்.

அவர் கிணற்றடியில் இருந்தார். மழை நன்றாகப் பெய்த வருடம், தண்ணீர் மேலே வந்து கிடந்தது. ஒரு பக்கம் கைச்சுவர் இடிந்து போயிருந்தது. அந்த இடத்தில் மண்டியிட்டு, சிக்கிக்கொண்ட கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் சேறு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா தம்பி, வா. மணி என்னாச்சு?”

இடுப்பில் பெரிய முள்ளை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். கையில் சேறு இருந்ததால்தான் கேட்டார், வேறு ஒன்றும் இல்லை. நான் என் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அட, அந்தக் கால் மணி நேரத்த இன்னும் விடலையாப்பா நீ?”

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள் மேடம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை அல்ல, அவர் இடுப்பை. அவர் குனியக் குனியக் கடிகாரம் வேட்டி மடிப்பிலிருந்து நழுவி, கயிற்றில் ஊசலாடிக்கொண்டு தண்ணீருக்கு மேலே தொங்கிற்று. அந்தக் காலத்துக் கடிகாரத்துக்குள் தண்ணீர் போனால் முடிந்தது கதை. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அண்ணே, கடியாரம் தண்ணிக்குள்ள விழுந்துரப் போகுது. அவுத்து எங்கிட்டக் குடுங்க.”

“நீயே அவுத்துக்கப்பா, எங் கையெல்லாம் சேறு,” என்று இடுப்பைத் திருப்பிக் காட்டினார். நான் முடிச்சை அவிழ்க்கும்போது, “எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இந்தப் பொறுப்பு கெடையாது. நல்ல புள்ள நீயி,” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் பாராட்டு என்றால் சந்தோஷம்தானே.

கடிகாரத்தை மோட்டார் ரூம் நிழலுக்குக் கொண்டுபோனேன். அவர் துண்டு அங்கே சுருட்டிக் கிடந்தது. அதை உதறி, நாலாக மடித்து, அதன் மேல் முகம் மேலாக வைத்தேன். வெயில் படாத இடமா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு கிணற்றடிக்குத் திரும்பி வந்தேன். அவர் இன்னும் குனிந்தபடியேதான் இருந்தார். நான் செய்தது மிகக் கொஞ்சம். எங்கள் மண்டிக் கதவைச் சாத்த இதைவிடப் பலம் வேண்டும்.

திரும்பவும் மோட்டார் ரூமுக்குப் போனேன். காலையில் அவர் எத்தனை சுற்றுக் கொடுத்தாரோ, ஒழுங்காகக் கொடுத்தாரோ இல்லையோ, அவருக்கு இனிமேல் கொடுக்கவும் முடியாது. அதனால் சாவி கொடுக்க ஆரம்பித்தேன். சாவி கொடுக்கும்போது நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே கொடுப்பேன். அவர் கீழேயிருந்து கூப்பிட்டார். தம்பி என்றார். கயிறு என்றார். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலேயே சொன்னேன் அல்லவா, யாராவது குறுக்கே பேசினால் எனக்கு அப்படித்தான். குத்துமதிப்பாகக் கொடுக்கிற வேலையா அது? ஒரு சுற்று அதிகமானாலும் ஸ்பிரிங் போய்விடும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஸ்பிரிங், மேடம், இனி எங்கே போய்த் தேடுவது? அதனால் பொறுத்துக்கொண்டு இருந்தேன். சத்தம் நின்ற பிறகு நிதானமாக மிச்சத்தைக் கொடுத்து முடித்தேன்.

பிறகு அதன் முள்ளைத் திருப்பி வைத்தேன். கை தானாகச் செய்த வேலை அது. இரண்டு கடிகாரம் பக்கத்தில் பக்கத்தில் வெவ்வேறு மணி காட்டினால் எனக்கு ஆகாது. என்னுடையதைப் பார்த்து அதை வைத்தேன். பூண்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை முனீஸ்வரி ஊறுகாய் போட்டாள்.

நீர்மாலைக்குப் போனேன், மயானம் வரை போனேன். அழுதேன், பொய் அழுகை இல்லை. நல்ல மனிதர். கடிகாரத்தைப் பற்றி மட்டும் தெரியாத மனிதர். ஊரே ஒரே மாதிரிதான் பேசியது. கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்திருக்கிறார், கால் வழுக்கிவிட்டது என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கே அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது.

சந்தனம்மாள் உங்களிடம் சொன்னதை நானும் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “இந்தத் துண்ட யாரு தாயி மடிச்சது? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த மனுசன் ஒரு துணிய மடிச்சுப் பாத்ததில்ல.” பிறகு கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதார். “காலையில ரேடியோவுல சேதி சொல்றப்ப மணி வப்பாக. ஒரு நிமிசம் பிந்தாது. இது என்ன இப்பிடிப் பிந்திக் கெடக்கு?” நீங்கள் உங்கள் போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். கெட்டிக்காரர் நீங்கள். நான் அதை அப்போதே நினைத்தேன்.

மறுநாள் சங்கத்து ஆட்களை எல்லாம் இங்கே வரச் சொன்னீர்கள். ஏதோ நீளமாக விசாரிக்கப் போகிறீர்கள் என்று பார்த்தால், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். மணி என்ன? சுருளிராஜன் சொன்னார், ஜாய்ஸ் டீச்சர் சொன்னார், எல்லாரும் ஒரே மணியைச் சொன்னார்கள். கோட்டைச்சாமி போனில் பார்த்துவரச் சொல்லி வைத்த மணி. என் முறை வந்தது. போன தையிலிருந்து என்னிடம் மணி கேட்டவர்கள் இரண்டே பேர், மேடம். ஒருவர் கிணற்றடியில் கேட்டார். இன்னொருவர் நீங்கள். அதனால் எழுந்து நின்று, முன்பெல்லாம் மேசை முன்னால் சொல்வது போலக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது சுருளிராஜன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை. ஜாய்ஸ் டீச்சர் நாற்காலியை என் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். பூண்டு வாசத்துக்காக என்று நினைத்தேன்.

ஆமாம், நான்தான் தள்ளினேன். அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை, எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். பொறாமையால் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பெரிய முள் பட்டத்தை நான் என்றைக்குமே பெரிதாக நினைத்ததில்லை. ஒரு நல்ல கடிகாரம் கண் முன்னால் சீரழிவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, ஒரு கீறல் விழவில்லை. நீங்களே பின்மூடியைத் திறந்து பார்க்கலாம்.

உங்கள் ராக்கையா நல்ல மனிதர். தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அலமாரிக்குள் வைக்கிறார். இருக்கிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கோட்டைச்சாமி ஞாபகமாக அந்தக் கடிகாரத்தை மேசையில் வைக்க வேண்டும் என்று ஜாய்ஸ் டீச்சர் கேட்டதும், அனுமதி வாங்கி ராக்கையா கையில் கொடுத்தனுப்புவதாக நீங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது. நல்ல காரியம், எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னுடையதையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். உள்ளே இருப்பவன் கடிகாரம் மேசையில் ஏறக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நாளையிலிருந்து ஞாயிறு வரை கோட்டைச்சாமி கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டாம் என்று ராக்கையாவிடம் சொல்லிவிடுங்கள். என்னுடையதற்கு மட்டும் மறக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.